சாரைப்பாம்புக்கு ‘கொழகொழ’ என்று பெயர் வந்த கதை

ஜூலை 3, காலை 9.10 (வாசகர் ஒருவரின் கேள்வி)

பாம்பு, பல்லி, ஓணான் எல்லாவற்றுக்கும் அறிவியல் பெயர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எல்லாமே லத்தீன், கிரேக்கம். இங்கே வாழ்கிற உயிருக்கு இங்குள்ள மொழியில் ஒரு பெயர்கூட இல்லை. மனப்பாடம் செய்து மார்க் வாங்குவதைத் தவிர அந்தப் பெயரால் நமக்கு என்ன தெரியப்போகிறது?

ஜூலை 3, பகல் 11.40

பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி இல்லை. 19 வருடமாக மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். முதல் ஐந்தாறு வருடம் நானும் இதையேதான் நினைத்தேன்.

நல்ல பாம்பையே எடுங்கள். நாஜா நாஜா. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் 1758இல் கொடுத்தது. இதில் லத்தீன் எங்கே இருக்கிறது? நாகம்தான். லத்தீனில் அந்த ‘ஜே’ எழுத்துக்கு ‘ய’ ஒலி, அதனால் ‘நாயா’ என்று படிப்பதுதான் சரி. சிங்களத்தில் நாகத்துக்கு ‘நயா’ என்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

கட்டுவிரியன், பங்காரஸ் செருலியஸ். முதல் சொல் தெலுங்கு ‘பங்காரு’, தங்கம். உடம்பு பளபளவென்று மின்னுவதால் வந்திருக்கும்.

உடும்பு, வரானஸ். அரபியில் உடும்பு வகைக்கு ‘வரல்’ என்று பெயர், அதிலிருந்து வந்தது. அந்தச் சொல்லை ஜெர்மன்காரர்கள் ‘எச்சரிக்கை செய்வது’ என்ற தங்கள் சொல்லோடு குழப்பிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் உடும்பு ‘மானிட்டர்’ ஆனது அந்தக் குழப்பத்தால்தான். கிளாஸ் மானிட்டருக்கும் உடும்புக்கும் என்ன மிஸ் சம்பந்தம் என்று வருடா வருடம் ஒரு பிள்ளையாவது கேட்கும்.

ஜூலை 3, இரவு 10.25

பங்காரஸ் பற்றிக் காலையில் எழுதியது தவறு. எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னதும், “கட்டுவிரியன் கருப்புதானே டீச்சர், அதில் ஏது பங்காரு?” என்றார். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

விசாகப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலை பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர் பாட்ரிக் ரசல். விஷப்பாம்பு எது, விஷமில்லாதது எது என்று ஊர்க்காரர்களுக்கும் சிப்பாய்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகச் சோழமண்டலக் கரைப் பாம்புகளை வண்ணப் படங்களோடு பெரிய புத்தகமாகப் போட்டார், 1796இல். அந்தப் புத்தகத்தில் ‘பங்காரும் பாமா’ என்று ஒரு பாம்பு வருகிறது. அது நம் வீட்டுப் பக்கம் வரும் கட்டுவிரியன் இல்லை. மஞ்சளும் கருப்பும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும் பட்டைக் கட்டுவிரியன். அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் தங்கம் என்றிருக்கிறார்கள். பிறகு 1803இல் டௌடின் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தச் சொல்லையே பேரினத்துக்குப் பெயராக்கினார். பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் கூட்டம், இரட்டைப் பெயரில் முதல் சொல் அதுதான். கூடப்பிறந்தவர்களுக்கெல்லாம் அதே குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம்முடையதற்குத் தங்கம் ஒரு பொட்டுகூடக் கிடையாது. செருலியஸ் என்றால் கருநீலம். அது மட்டும் பொருந்தும்.

ரசல் அந்த ஊர்ப் பெயர்களை அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணாடி விரியனுக்கு ‘கட்டுக ரெக்குல பொட’ என்று தெலுங்கில் கேட்டதை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பெயரை அவருக்குச் சொன்னவர் யார், பாம்பைச் சட்டியில் கொண்டுவந்து கொடுத்தவர் யார் என்பது எந்தப் பெயரிலும் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான். லத்தீனா தமிழா என்பதைவிட இது பெரிய குறை.

ஜூலை 4

‘கண்ணாடி விரியன் பெயரில் எல் ஒன்றா இரண்டா’ என்று கேட்டவருக்கு: ஒன்று. டபோயா ரசெலியை. ஆள் பெயரில் இரண்டு எல். ஆனால் 1797இல் பெயர் வைத்த ஷா அதை ‘ரசெலியஸ்’ என்று ஒற்றை எல்லோடு லத்தீனாக்கி எழுதினார், அதனால் ஒன்றுதான் செல்லும் என்று 2000இல் ஒரு கட்டுரையே வந்தது. கடைசியில் வரும் ‘இ’க்கு ‘அவருடைய’ என்று பொருள். ரசலின் பாம்பு. பெண் பெயராக இருந்தால் ‘ஏ’ வரும், அதற்குப் பிறகு வருகிறேன்.

டபோயா இந்திச் சொல். பதுங்கிக் கிடப்பது. வரப்பு ஓரம் வைக்கோலுக்கு அடியில் அது கிடக்கிற கிடையைப் பார்த்தவர்கள் வைத்த பெயர், சந்தேகமே இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடித்தால் பெயர் தேடாதீர்கள். பாம்பை அடித்து எடுத்துப் போகவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் நம் ஆஸ்பத்திரிகளில் போடுகிறார்கள். நேரத்தை வீணாக்காமல் போங்கள்.

ஜூலை 6

சாரை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இழைக்குள்ளேயே வந்தேன்.

டையாஸ் மியூகோசா. நான் படித்தபோது மியூகோசஸ், இப்போது மியூகோசா. டையாஸ் என்பது லத்தீன் இலக்கணப்படி பெண்பால், அதனால் பின்னால் வருகிற அடைமொழியும் பெண்பாலாக வேண்டும் என்று 2004இல் திருத்தினார்கள். பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருள்? டையாஸ் கிரேக்கம். கண்ணைப் பார்த்து விஷம் துப்பும் என்று அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட ஒரு பாம்பின் பெயர். மியூகோசா என்றால் சளி போன்ற, கொழகொழப்பான. ஆக, ‘கொழகொழப்பான துப்பி’. சாரை துப்பாது. விஷமே இல்லை. கொழகொழப்பும் இல்லை.

போன வாரம் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருவன் வைக்கோல் போரிலிருந்து சாரைச் சட்டை ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். ஆய்வக மேசையில் விரித்தோம். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, தலை முதல் வால் வரை கிழியாமல். சின்ன வெங்காயத் தோல் மாதிரி காய்ந்து சரசரத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் செதில் செதிலாக வலை பின்னியது போலத் தெரியும். கண் இருந்த இடத்தில் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு கண்ணாடிச் சில்லு. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருக்கும் அந்தச் சில்லும் சட்டையோடு சேர்ந்து உரிந்துவிடும். பிள்ளைகள் வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். “இதுல எங்க மிஸ் கொழகொழ?” என்றான் கொண்டுவந்தவன்.

லின்னேயஸ் ஸ்வீடனில் உட்கார்ந்து எழுதினார். அவர் கைக்கு இந்தப் பாம்பு உயிரோடு வரவில்லை, சாராய ஜாடியில் ஊறியதாகத்தான் வந்திருக்க முடியும். அதில் ஊறிய எதைத் தொட்டாலும் கொழகொழதான். இது என் ஊகம், அவர் காரணம் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்கு வரவில்லை.

ஜூலை 6, இரவு

இன்னொன்று. என் தங்கை வீட்டுக்காரர் ராமநாதபுரம் பக்கம். போன பொங்கலுக்கு அங்கிருந்து ஒரு சுருட்டை விரியன் சட்டைத் துண்டு கொண்டுவந்து கொடுத்தார், நான் கேட்டதற்காக. அதன் மேல் நகத்தை வைத்து இழுத்தால் நெருடும். ஒவ்வொரு செதிலின் நடுவிலும் ஒரு முகடு, படகின் அடிக்கட்டை மாதிரி. எக்கிஸ் காரினேட்டஸ் என்பதில் காரினேட்டஸ் அதுதான், அடிக்கட்டை உள்ளது. எக்கிஸ் கிரேக்கத்தில் விரியன். சுருட்டிக்கொண்டு உடம்போடு உடம்பை உரசும்போது ‘சுர்ர்’ என்று தாளித்தது மாதிரி ஒரு சத்தம் வருமே, விலாப்பக்கச் செதில்களின் அந்த முகடுதான் அதற்குக் காரணம். இந்தப் பெயரை வைத்தவர் பாம்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

ஆக, பெயரில் பொய்யும் உண்டு, துல்லியமும் உண்டு. ஒரே தட்டில் வைத்துத் திட்ட முடியாது.

ஜூலை 9

‘தமிழ் ஒன்றுமே இல்லையா, அனகோண்டா தமிழ்தானே, ஆனைகொன்றான்?’ என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள்.

நானும் வகுப்பில் பல வருடம் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது பிள்ளைகள் முகம் மலரும், அதற்காகவே சொல்வேன். இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

1693இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர், லெய்டன் அருங்காட்சியகத்தில் இருந்த பாம்புகளின் பட்டியல் ஒன்றை வைத்து எழுதும்போது, எருமைகளை நொறுக்கும் பெரிய பாம்பு, இலங்கைக்காரர்கள் இதை ‘அனகண்டையா’ என்பார்கள் என்று குறித்தார். அதற்குத் தமிழ் ஆனைகொன்றான் மூலம் என்று ஒரு தரப்பு. சிங்கள ‘ஹெனகந்தயா’ என்று இன்னொரு தரப்பு. தீர்ப்பு வரவில்லை. இலங்கையின் பெரிய பாம்புக்குச் சொன்ன பெயர் தென் அமெரிக்காவுக்குப் போனது டௌடின் செய்த குழப்பத்தால். மேலே பங்காரஸில் வந்த அதே டௌடின்.

எப்படியும் அனகோண்டா அறிவியல் பெயரே இல்லை. அதன் அறிவியல் பெயர் யூனெக்டஸ், கிரேக்கத்தில் ‘நன்றாக நீந்துவது’.

ஜூலை 10

டௌடினைக் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், காலையிலிருந்து மனசு கேட்கவில்லை. அவருக்குச் சிறு வயதிலேயே நோய் வந்து கால்கள் செயலிழந்துவிட்டன. பாரிசை விட்டு எங்கும் போய்ப் பாம்பு பார்க்கக்கூடிய நிலைமை இல்லை. ஊர்வன பற்றி எட்டுத் தொகுதி எழுதி முடித்து, 1803இல் காசநோயில் இறந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. நம் பாம்புகள் பலவற்றை அவர் பார்த்தது ரசல் போட்ட படங்களில்தான்.

அவர் பெயரிட்டதில் ஒன்று நம் கொம்பேறி மூக்கன். டென்ட்ரலாபிஸ் டிரிஸ்டிஸ். டிரிஸ்டிஸ் என்றால் சோகமான. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, கடிபட்டவரைச் சுடுகாட்டில் எரிக்கும் புகை வருகிறதா என்று மரத்தின் மேல் ஏறிப் பார்க்கும் என்று எங்கள் அப்பாயி சொல்வார்கள். சுடுகாட்டுக் கதை பாரிஸ் வரை போய்விட்டதோ என்று நினைத்தேன். இல்லை. மங்கின நிறத்தைச் சொல்லவும் அதே சொல்தான், முதுகு வெண்கலப் பழுப்பு. கதைக்கும் பெயருக்கும் தொடர்பு இல்லை. அந்தப் பாம்புக்கு விஷமும் இல்லை, தவளையும் பல்லியும் தின்று மரத்தில் ஓடித் திரிகிற பிராணி. இந்தக் கதையால் எத்தனை கொம்பேறி மூக்கன் அடிபட்டுச் செத்திருக்கும்.

ஜூலை 12

அடிபடுவது பற்றி எழுதியதும் ஒன்று ஞாபகம் வந்தது. எனக்குப் பத்து வயது. குளியலறையில் பாம்பு என்று அம்மா கத்த, சித்தப்பா உலக்கையோடு ஓடினார். கட்டுவிரியன் என்று அடித்துத் தெருவில் போட்டார்கள். ஊரே பார்த்தது. கருப்பழுப்பில் வெள்ளைப் பட்டை. பட்டை கழுத்துப் பக்கம் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கிப்போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கட்டுவிரியனில் அது நேர் எதிர். கழுத்துப் பக்கம் பட்டை இருக்காது அல்லது மங்கலாக இருக்கும், பின்னால் போகப் போகத் தெளியும். முதுகு நடுவே ஓடும் செதில் வரிசையும் பெரிதாக அறுகோணமாக இருக்கும்.

அன்று செத்தது லைக்கோடான் ஆலிகஸ். லைக்கோடான் என்றால் ஓநாய்ப் பல், முன்பக்கப் பல் நீண்டிருப்பதால். ஆலிகஸ் என்றால் அரண்மனைக்கு, அரசவைக்கு உரியது. விஷமில்லாதது, வீட்டுச் சுவரேறிப் பல்லி பிடிக்க வந்தது. அரண்மனைக்காரன் என்ற பெயரோடு எங்கள் வீட்டு வாசலில் கிடந்தது என்று கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு விடுதியில் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 17

பச்சைப் பாம்பு கேட்ட தம்பிக்கு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பேரினம் அஹேடுல்லா. சிங்களச் சொல். கண்ணைக் கொத்துவது, பிடுங்குவது என்று பொருள். நாம் என்ன சொல்கிறோம்? கண்கொத்திப் பாம்பு! பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பயம், ஒரே பெயர். அது கண்ணைக் கொத்துவதில்லை என்பது வேறு. மரக்கிளையோடு கிளையாக முகத்துக்கு நேரே நிற்கும், நம் பாட்டிகள் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், லின்னேயஸ் 1758இல் கொடுத்த ‘அஹேடுல்லா’ என்ற இனப்பெயர் இன்று ஒட்டிக்கொண்டிருப்பது தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழும் ஒரு பச்சைப் பாம்பின் மேல். லெப்டோபிஸ் அஹேடுல்லா. இலங்கை மண்ணையே பார்க்காத பாம்பு சிங்களப் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. அனகோண்டாவோடு சேர்த்தால் இரண்டு. இலங்கையிலிருந்து புறப்பட்ட பெயர்கள் அட்லாண்டிக் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கின்றன.

நம் ஊர்ப் பச்சைப் பாம்பு அஹேடுல்லா நசூட்டா, நீள மூக்கு.

ஜூலை 18

மேலே கடைசி வரியைத் திருத்துகிறேன். 2020இல் வந்த ஆய்வுக்குப் பிறகு நசூட்டா என்பது இலங்கைப் பாம்புக்கு மட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பவற்றைத் தனித்தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். நம் சமவெளிக்கு அஹேடுல்லா ஆக்ஸிரிங்கா, கூர்மூக்கு. புதுச் சொல் இல்லை, 1825இல் பெல் வைத்துப் பிறகு கிடப்பில் போட்ட பெயரை எடுத்துத் தூசி தட்டியிருக்கிறார்கள். பழைய பெயர் செத்துப்போவதில்லை, தேவைப்படும்போது எழுந்து வரும்.

பெயருக்குப் பின்னால் ஆள் பெயரும் வருடமும் சில இடத்தில் அடைப்புக்குறிக்குள்ளும் சில இடத்தில் வெளியிலும் இருப்பது ஏன் என்று கேட்டிருந்தார்கள். முதலில் பெயர் வைத்தவர் போட்ட பேரினத்திலிருந்து பிறகு இடம் மாற்றியிருந்தால் அடைப்புக்குறி. மாற்றாவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

ஜூலை 26

பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப் போயிருந்தேன். 1620இல் கட்டிய டேனியக் கோட்டை பார்க்க என்று பேர், எனக்கு வேறு வேலை இருந்தது. கோட்டைக்கு முன்னால் மணலில் எல்லாரையும் உட்காரவைத்து மண்ணுளிப் பாம்பு கதை சொன்னேன்.

எரிக்ஸ் ஜானியை. ஜானி இல்லை, ‘ஜானின்’. கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், 1771இல் தரங்கம்பாடிக்கு வந்த மதபோதகர், 1813இல் இறந்தார். இங்கிருந்தே மீன், பாம்பு, சங்கு சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ரசல் 1801இல் இந்தப் பாம்புக்கு அவர் பெயரை வைத்தார். பெர்லினில் மீன் ஆராய்ந்த பிளாக் என்பவர் அவர் அனுப்பிய மீன்களைப் பார்த்து ஜானியஸ் என்று ஒரு பேரினத்துக்கே பெயர் வைத்தார். கத்தாளை மீன் வகை அதில் வருகிறது. கரையில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவரிடம் சொன்னேன். “கத்தாளைக்கா? பாதிரியார் பேரா?” என்று கேட்டுவிட்டு, கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், “அந்த மீனை அவருக்குப் புடிச்சுக் குடுத்தது எங்க ஆளுங்கதானே?” என்றார்.

வேறு யார்? ஜூலை 3 இரவு நான் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

மண்ணுளிக்கு வால் மொட்டையாகத் தலை போலவே இருக்கும், அதனால் இருதலைப் பாம்பு. அந்த வாலை நம்பி அதிர்ஷ்டம், லட்சம், கோடி என்று கடத்துகிறார்களே, அவர்களிடம் சொல்லுங்கள், அதற்கு ஒரே தலைதான். மண்ணில் புதைந்து எலி பிடிக்கிற பாம்பு. வயலில் விட்டுவிடுங்கள்.

ஜூலை 27

புதுச்சேரி பெயரில் ஏதும் உண்டா என்றவருக்கு: உண்டு, சித்தானா பான்டிசெரியானா. தொண்டையில் விசிறி விரிக்கும் குட்டி ஓணான். அதில் ஊர்ப்பெயர் ஆங்கில ‘T’ எழுத்தோடு (ponticeriana), கௌதாரியின் பெயரில் அதே ஊர் ‘D’ எழுத்தோடு (pondicerianus) வரும். முதலில் எழுதியது எப்படியோ அப்படியே நிற்கும் என்பது விதி.

ஆகஸ்ட் 14

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, “அப்போ நேரடித் தமிழ்ப் பெயர் ஒன்றுகூடக் காட்டவில்லையே” என்று எழுதியிருக்கிறார். சரிதான், இவ்வளவு நாள் தெலுங்கும் சிங்களமும் அரபியும்தான் காட்டினேன். இப்போது காட்டுகிறேன்.

ஹெமிடாக்டிலஸ் வனம். 2018. மேகமலையில் கண்டறிந்த பல்லி. வனம் என்றால் வனம்தான்.

டிராவிடோகெக்கோ தொல்பல்லி. 2019. கொடைக்கானல் மலைப் பல்லி. தொல் என்றால் பழைய, பல்லி என்றால் பல்லி. ஆங்கில எழுத்தில் அச்சாகி உலகம் முழுக்க இனி அதற்கு அதுதான் பெயர். முதல்முறை அந்தக் கட்டுரையில் பார்த்தபோது சத்தம் போட்டே படித்தேன், தொல்பல்லி, தொல்பல்லி என்று. பக்கத்து அறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

அதே கட்டுரையில் டிராவிடோகெக்கோ ஜானகியே. ‘ஏ’ என்று முடிகிறது பாருங்கள், பெண். தாவரவியலாளர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 19 வருடமாக நான் கரும்பலகையில் எழுதிய விலங்குப் பெயர்களில் இப்படி முடிந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

ஆகஸ்ட் 22

வகுப்பில் தொல்பல்லி சொன்னதிலிருந்து டியூப் லைட் பக்கம் ஓடும் பல்லிக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். நேற்று மாலை ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒன்று ஒட்டியிருந்தது. உள்ளே நின்று பார்த்தால் அடிப்பாதம் அப்படியே தெரிகிறது. பிள்ளைகளைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு விரலின் அடியிலும் குட்டித் தகடுகள், நடுவில் பிளந்து இரண்டு வரிசையாக, தென்னங்கீற்று மாதிரி. அது ஹெமிடாக்டிலஸ், ‘பாதி விரல்’ என்று பொருள். டிராவிடோகெக்கோவுக்கு அந்தத் தகடு பிளக்காமல் ஒரே வரிசையாக இருக்கும். 1933இல் மால்கம் ஸ்மித் அதைத் தனிப் பேரினமாக்கியது இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்துத்தான்.

சாரைச் சட்டை கொண்டுவந்த பையன் மூக்கு கண்ணாடியில் ஒட்ட நின்று எண்ணிக்கொண்டே இருந்தான். பல்லி நகர்ந்ததும், “கொடைக்கானல்ல எங்க பெரியம்மா வீடு இருக்கு மிஸ், பரீட்சை லீவுல போறப்ப ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்க்கட்டுமா, ஒரு வரிசையா இருக்கான்னு?” என்றான். பிடிக்கக் கூடாது, கண்ணாடியில் ஒட்டினால் மட்டும் பார் என்று சொல்லியிருக்கிறேன். அவன் வந்ததும் எழுதுகிறேன்.